மையும் கயிறும்: மாந்திரிகப் பெரியோர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜொகூர் மாநிலத்தில், மூவாரிலிருந்து கோத்தா திங்கி வரையிலும், சிகாமட்டிலிருந்து பத்து பகாட் வரையிலும், கயிறு மந்திரித்துக் கட்டியும், மை போட்டுப் பார்த்தும், குறி சொல்லியும், செய்வினை எடுத்தும், வேப்பிலை அடித்தும் ஜனங்களுடைய சங்கடங்களுக்குப் பரிகாரம் செய்துவரும் பெரியோர்களுக்கு என் வணக்கம்.

இந்த மடலைக் கையில் எடுத்ததும், நம்மைக் கேலி செய்ய இன்னுமொரு பகுத்தறிவுக்காரன் புறப்பட்டுவிட்டான் என்று தாங்கள் எண்ணிக்கொண்டால் அது நியாயமே. 2014 மார்ச்சில், எம்எச்370 விமானம் காணாமற்போன நாட்களில், கோலாலம்பூர் விமான நிலையத்துக்குள் தேங்காய்களோடும் மூங்கிலால் செய்த தொலைநோக்கியோடும் வந்து நின்ற ‘ராஜா போமோ’ என்னும் மலாய் மாந்திரிகரைப் பார்த்து உலகமே சிரித்தது. நம் ஊரில் அன்றைக்கு உரக்கச் சிரித்தவர்களில் பலர், புது வண்டி வாங்கிய அன்று நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே சாலைக்கு எடுத்தவர்கள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கில்லை. மந்திரம் பலிக்கிறது என்பதே என் அபிப்பிராயம். எந்த வழியாகப் பலிக்கிறது, எந்த எல்லைவரை பலிக்கிறது என்னும் இரண்டு கேள்விகளில்தான் எனக்கும் உங்களுக்கும் வழக்கு. அதை நீங்கள் பொறுமையோடு கேட்டு, ஒப்புக்கொள்ளக்கூடியதை ஒப்புக்கொண்டு, அதன் பயனாக இரண்டே இரண்டு காரியங்களில் உங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விஸ்தாரமாக எழுதத் துணிந்தேன்.

முதலில் மையை எடுத்துக்கொள்வோம். தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு அது புதிய வைபவம் அல்ல. ஒரு வீட்டில் சங்கிலி காணாமற்போகும். போலீசுக்குப் போகலாமென்றால் ஸ்டேஷன் தொலைவு. கங்காணியிடம் சொன்னால் சண்டை முற்றும். ஆகவே வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிறவரை வரவழைப்பார்கள். வந்தவர் அன்றே பார்த்துவிடமாட்டார். வெள்ளிக்கிழமை இரவு முனியாண்டி சந்நிதியில் மை போடப்போவதாகவும், அதற்குள் எடுத்தவர் தாமாகவே கொண்டுவந்து வைத்துவிட்டால் தோஷமில்லையென்றும், மையில் முகம் தெரிந்துவிட்டால் பிறகு நடப்பது தம் கையில் இல்லையென்றும், தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கூடியிருக்கும் நேரமாகப் பார்த்து எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போவார். வியாழக்கிழமை விடியற்காலையில், பெரட்டு என்னும் ஆள்கணக்குக்குப் போக எழுந்தவர்கள் விளக்கேற்றும்போது, அந்தச் சங்கிலி அம்மிக்கல்லின்மேல் ஒரு கிழிசல் துணியில் முடிந்து கிடக்கும்.

மை போடப்படவே இல்லை, மந்திரமோ பலித்துவிட்டது. இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வராது. திருடியது யாரென்று வெளிப்படாமல், ஒருவருக்கும் மானக்கேடு இல்லாமல், பொருளும் உடையவளிடம் சேர்ந்து, லயத்தின் சமாதானமும் கெடாமல் நடந்த இந்தக் காரியத்தை எந்தப் போலீஸ் ஸ்டேஷன் இத்தனை நயமாக நடத்தியிருக்கும்? ஆயினும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மை மீட்டுக் கொடுத்த நகைகளெல்லாம் லயத்துக்குள்ளேயே இருந்த நகைகள். வெளியூரிலிருந்து துணி விற்க வந்துபோன ஒருவன் எடுத்துச் சென்றிருந்தால், வெள்ளிக்கிழமை இரவு எத்தனை மை போட்டாலும் சங்கிலி திரும்பியதில்லை. ஏனெனில், குழாயடியில் சொன்ன சொல் அவன் காதில் விழவில்லை. என் சித்தாந்தம் முழுவதும் இவ்வளவே. மந்திரம் காதின் வழியாகவும் கண்ணின் வழியாகவும் உள்ளே புகுந்து, மனத்தில் தங்கி, மனத்தின் வழியாக உடம்பையும் கையையும் காலையும் இயக்குகிறது. அங்கே அதற்கிருக்கும் வல்லமையைக் குறைத்துச் சொல்பவன் மனிதனை அறியாதவன். கேளாத பொருளை, அதாவது கல்லையும் மழையையும் கிருமியையும் வெளியூர்த் திருடனையும், அது தீண்டுவதே இல்லை.

இன்னொரு விஷயம். இதே லயத்து ஜனங்கள் கித்தா எனப்படும் ரப்பர் மரத்தைச் சீவும்போது மந்திரம் சொன்னதுண்டா? வெயில் ஏறுவதற்கு முன்பே சீவினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதும், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்திறங்கும் வெட்டில் பட்டையை மெல்லிசாக எடுக்கவேண்டும் என்பதும், உளி சற்றே ஆழப் பதிந்து மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டுகட்டி, திரும்ப வளரும் பட்டையும் கெட்டுப்போகும் என்பதும் அவர்களுடைய கைக்கே தெரியும். தெரிந்த கைக்கு மந்திரம் வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெளிவும் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை 1888-இல் ஏற்ற ஹென்றி ரிட்லி என்பவர், பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்திப் பாலெடுத்த முறையைத் தள்ளிவிட்டு, ஒரே வெட்டுவாயை மெல்ல மெல்லச் சீவிப் புதுப்பித்துக்கொண்டே வந்தால் மரமும் பிழைத்திருக்கும், பாலும் பெருகும் என்பதைப் பல காலம் அளந்து, குறித்து, மறுபடியும் அளந்து நிலைநாட்டினார். காப்பி நட்டுக்கொண்டிருந்த துரைமார் அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு அந்தத் துரைமாரே கித்தாவால் கோடீசுவரர்கள் ஆனார்கள். ரிட்லி நூறு வயது வரை இருந்து அதையும் பார்த்தார்.

ஆனால், மரத்துக்கு மந்திரம் சொல்லாத அதே தொழிலாளி, காட்டோரத்து நிரைக்குப் போகும்போது முனியாண்டிக்குச் சூடம் காட்டாமல் போகமாட்டார். புலியும் யானையும், பாம்பும் இடியும், காய்ச்சலும் பிரசவமும் அவர் உளிக்குக் கட்டுப்பட்டவை அல்லவே! நியூகினிக்குக் கிழக்கே உள்ள திரோபிரியாண்ட் தீவுகளில், முதல் உலக யுத்த காலத்தில் தங்கி ஜனங்களின் வாழ்வை ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி என்னும் அறிஞரும் இதையே கண்டார். அலையில்லாத உட்கழியில் அபாயமின்றி மீன் பிடிக்கும்போது அந்தத் தீவினர் மந்திரத்தை நாடுவதில்லை. உயிருக்கும் வேட்டைக்கும் நிச்சயமில்லாத ஆழ்கடலுக்குப் படகை விடும்போதோ விரிவான மாந்திரிகச் சடங்குகள் இல்லாமல் கிளம்புவதில்லை. மனிதனுடைய சாமர்த்தியம் முடிகிற இடத்தில் மந்திரம் குடியேறுகிறது. அது அச்சத்துக்குத் துணையாக நிற்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. சாமர்த்தியத்தின் எல்லை தள்ளிப் போன பிறகும் அது பழைய இடத்திலேயே உட்கார்ந்திருப்பதில்தான் ஆட்சேபம்.

எல்லை எப்படித் தள்ளிப் போகிறது என்பதற்கு நம் முன்னோர் உயிர்கொடுத்த கதை ஒன்று உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் மேட்டுக்காடுகளை அழித்துக் கித்தா நட்ட இடங்களில் காய்ச்சல் புகுந்து, ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. மரத்தை வெட்டினார்கள், காட்டுத் தெய்வம் கோபித்துக்கொண்டது என்று மலாய்ப் பாவாங்கும் சொன்னார், நம் பூசாரியும் சொன்னார். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டறிந்திருந்தார். 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்புகளை வடித்துக் காய்ச்சலை அடக்கிக் காட்டினார். ஆயினும் சமவெளியில் வெற்றி தந்த அதே முறை மேட்டுத் தோட்டங்களில் தோற்றது. ஏனென்று தேடிப்பார்த்தபோது, மேட்டு நிலத்துக் கொசு வேறு ஜாதி என்றும், வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் அது முட்டையிடும் என்றும், காட்டு நிழல் உள்ளவரை அந்த ஓடைகளில் அது பெருகாது என்றும் தெரியவந்தது. அப்படியானால் பாவாங்கும் பூசாரியும் சொன்னதில் பாதி சத்தியம்: மரத்தை வெட்டியதனால்தான் காய்ச்சல் வந்தது! அவர்கள் கண்ணால் கண்டது மெய். அதற்குக் கற்பித்த காரணம் பொய். காரணம் தவறியபடியால் பரிகாரமும் தவறியது. எல்லையில் சேவல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஓடையில் கொசு முட்டையிட்டுக்கொண்டிருந்தது. ஓடையைக் குழாய்க்குள் விட்டு மண்ணுக்கடியில் இறக்கி, தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்த பிறகே லயங்களில் சாவு குறைந்தது.

வாட்சன் தம் முறை தோற்ற இடத்தை மறைக்காமல் குறித்துக்கொண்டார் என்பதை இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டும். விஞ்ஞானத்துக்கும் மாந்திரிகத்துக்கும் உள்ள பேதமாக எனக்குப் படுவது இதுதான். விஞ்ஞானி புத்திசாலி, மாந்திரிகர் மூடர் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை; புவியீர்ப்பைக் கணக்கிட்ட நியூட்டனே இரசவாதத்தைப் பற்றிப் பத்து லட்சம் சொற்களுக்கு மேல் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். பேதம், தப்பியவற்றைக் கணக்கில் எழுதுவதா இல்லையா என்பதில் இருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் இந்த நாட்டில், பந்தல் போட்ட வீட்டார் மழை கட்டுகிறவரைத் தேடிப் போவது உங்களுக்குத் தெரியாததல்ல. மழை பெய்யாவிட்டால் கட்டினவரின் மகிமை. பெய்துவிட்டாலோ பந்தல் வீட்டில் யாரோ தீட்டோடு நடந்திருக்கிறார்கள். இரண்டு விதத்திலும் தோல்வி என்பது அவருடைய ஏட்டில் ஏறுவதே இல்லை. 2006 டிசம்பரிலும், அதை அடுத்த 2007 ஜனவரியிலும், கோத்தா திங்கி ஒருமுறைக்கு இருமுறை வெள்ளத்தில் மூழ்கிற்று. அந்த ஊரில் மழை கட்டத் தெரிந்தவர் ஒருவருமே அப்போது இல்லையென்று நம்ப நான் தயாராயில்லை.

யாழ்ப்பாணத்தில் தாவரவியல் போதித்து, பின்பு இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்திய ஆபிரகாம் கோவூரைப் பற்றிப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பரீட்சைக்குரிய நிபந்தனைகளின் கீழ் ஓர் அற்புதத்தையேனும் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறைகூவினார். 1978-இல் அவர் காலமாகும்வரை ஒருவரும் அதை வாங்கவில்லை. இவ்வளவையும் எல்லாப் பகுத்தறிவு மேடையிலும் சொல்வார்கள். அதே கோவூர், பேய் பிடித்ததாகத் தம்மிடம் அழைத்துவரப்பட்டவர்களை உட்காரவைத்து, அறிதுயிலில் ஆழ்த்தி, திடமான குரலில் நல்வார்த்தை சொல்லிக் குணப்படுத்தி அனுப்பினார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அவர் உடுக்கை இல்லாமல் உடுக்கையடித்தார் என்பேன்! அவருடைய சீடர்களுக்கு இந்த வாசகம் ருசிக்காது. எனினும் அவர் நுழைந்த வாசலும் நீங்கள் நுழையும் வாசலும் ஒன்றே. தாம் எந்த வாசலில் நுழைகிறோம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இந்த வாசலைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 1931 முதல் 1935 வரை இந்த ஜொகூரிலேயே அரசாங்கப் பொது ஆலோசகராக இருந்த ரிச்சர்ட் வின்ஸ்டெட், அதற்கு முன்னரே 1925-இல் மலாய் மாந்திரிகத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, அதில் பழைய ஆவி வழிபாட்டின் மேல் சைவமும், சைவத்தின் மேல் சூபி மார்க்கமும் படிந்திருப்பதை எடுத்துக்காட்டினார். நம் சிவபெருமான் பட்டாரா குரு என்னும் திருநாமத்தோடு மலாய் மந்திரங்களில் வீற்றிருக்கிறார். இப்படியிருக்க, நம்மவர் தீராத வியாதிக்கு மலாய் போமோவைத் தேடிப் போகிறார்கள். மலாய்க்காரர் சியாம் நாட்டவருடைய மந்திரமே கடுமை என்கிறார்கள். சீனத் தவுக்கே நம் முனியாண்டிக்குச் சுருட்டு வைத்துக் கும்பிடுகிறார். அயலார் மந்திரத்துக்கே வீரியம் அதிகம் என்று மூன்று ஜாதியாரும் ஒரே சமயத்தில் நம்புவதானால், அந்த வீரியம் மந்திரத்தின் அட்சரங்களில் இருக்க முடியுமா? பொருள் விளங்காத ஓசை கேட்பவன் மனத்தில் எழுப்பும் பயபக்தியில் இருக்கிறது. (டாக்டருடைய கையெழுத்து விளங்காததற்கும் இதே காரணமோ என்று சில வேளை எனக்குச் சந்தேகம்.)

ஆகவே, உங்கள் அதிகாரம் செல்லும் ராஜ்யம் எதுவென்று தெளிவாகிறது. வலி, பயம், தூக்கமின்மை, மனப்பாரம், துக்கம் ஆகியவை அதன் பிரதேசங்கள். 1955-இல் ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க வைத்தியர், மருந்தே கலவாத மாத்திரையும் மருந்தென்று நம்பி உண்பவர்களில் கணிசமானவர்களுக்குச் சுகம் தருகிறது என்று எடுத்துக்காட்டினார். அவருடைய கணக்கு மிகைப்பட்டது என்று பின்வந்தோர் திருத்தினாலும், வலி, குமட்டல் முதலியவற்றில் நம்பிக்கையின் பலன் உண்டென்பதை மறுத்தவர் குறைவு. அந்த மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை, உடைந்த எலும்பைக் கூட்டுவதில்லை. கிளினிக்கில் நோயாளியின் முகத்தைப் பார்க்கவும் நேரமில்லாத காலத்தில், நீங்கள் அவனைப் பாயில் உட்காரவைத்து, குலதெய்வத்தின் பெயரைக் கேட்டு, பாட்டனார் எந்தத் தோட்டத்துக்கு வந்திறங்கினார் என்று விசாரித்து, விபூதி இட்டு, சிவப்புக் கயிற்றில் முடிச்சுப் போட்டு மணிக்கட்டில் கட்டுகிறீர்கள். அவன் பாதிச் சுகத்தோடுதான் வாசற்படி இறங்குகிறான். இதற்குத் தட்சிணை வாங்குவதிலும் எனக்குப் புகார் இல்லை. பேராசைப்பட்டு, செய்வினை பெரிதென்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்பவர்களை உங்களுக்கே தெரியும், அவர்களை நீங்களே கண்டிக்க வேண்டும்.

நான் அஞ்சுவது வேறு இரண்டு காரியங்களை. முதலாவது இது. காதின் வழியாக அமிர்தம் புகுமானால் நஞ்சும் அதே வழியாகப் புகும். 1942-இல் வால்டர் கேனன் என்னும் உடலியல் அறிஞர், சாபத்துக்கு ஆளானதாக நம்பியவர்கள் காயமோ விஷமோ இன்றி இறந்துபோன செய்திகளைத் தொகுத்து, ஓயாத பேரச்சமே இரத்த ஓட்டத்தைக் குலைத்து உயிரைப் போக்கக்கூடும் என்று வாதித்தார். நம் ஊரில் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. கல்யாணமாகிச் சில வருஷங்களாகியும் குழந்தையில்லாத ஒரு பெண் மாமியாரோடு வந்து உங்கள் முன் உட்காருகிறாள். சோழி உருளுகிறது. செய்வினை இருக்கிறது என்கிறீர்கள். யார் வைத்தது என்று மாமியார் கேட்கிறாள். உறவுதான், பெண்தான், மாநிறம், கிழக்கே பார்த்த வாசல் என்று நீங்கள் சொல்கிறீர்கள். தாமான் வீடுகளில் ஒரு வரிசை முழுவதுமே கிழக்கே பார்த்த வாசல்தானே, ஐயா! வீட்டுக்குத் திரும்பும் வண்டியிலேயே நாத்தனாரோ ஓரகத்தியோ முடிவாகிவிடுகிறாள். அன்றிலிருந்து அவள் கையால் காப்பி குடிப்பதில்லை. அவள் வீட்டு விசேஷத்துக்குப் போவதில்லை. கடைசியில் சாவுக்கும் போவதில்லை.

உங்கள் சாஸ்திரத்தில் அஷ்டகர்மங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. வசியம் தொடங்கி மாரணம் வரை உள்ள அந்த எட்டில் வித்வேஷணம் என்று ஒன்று. நேசமாயிருப்பவர்களைப் பகைவர்களாக்கும் கர்மம். அந்தப் பாவத்தைக் கையால் தொடுவதில்லை என்று உங்களில் பெரும்பாலோர் சத்தியம் செய்வீர்கள், நானும் நம்புகிறேன். ஆனால் ‘வைத்தது இன்னார்’ என்று ஜாடை காட்டும் அந்த ஒரு நிமிஷத்தில், தகடும் இல்லாமல் ஹோமமும் இல்லாமல், வித்வேஷணத்தைத்தான் சாங்கோபாங்கமாகச் செய்து முடிக்கிறீர்கள். மாந்திரிகம் உண்மையாகவே பலிக்கிறது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று நான் கண்டதில்லை.

இரண்டாவது, காய்ச்சல். டிங்கி வந்த பிள்ளைக்குத் திடீரென்று கடுங்காய்ச்சல் அடிக்கிறது. கண் வலி, உடம்பு வலி. மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், யார் கட்டினாலும் கட்டாவிட்டாலும், காய்ச்சல் இறங்கும். உடம்பு குளிர்ந்ததைத் தொட்டுப் பார்த்து வீட்டார் உங்களை வாழ்த்துகிறார்கள். அபாயம் ஆரம்பிப்பதோ அந்த வேளையில்தான். இரத்தத்தின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசிந்து, வயிறு வலித்து, வாந்தி ஓயாமல், சிறுநீர் குறைந்து, கை கால் சில்லிட்டு, சில மணி நேரத்தில் நாடி விழுந்துவிடக்கூடிய கட்டம் அது. கயிற்றின் மகிமை என்று கொண்டாடப்படும் அந்தக் குளிர்ச்சி, ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கருகே நர்ஸ் இரட்டிப்புக் கவனத்தோடு நிற்கும் நேரம். பாம்புக்கடியும் இவ்வகையே: விஷம் ஏறாத கடிகள் அநேகம் உண்டு, அவற்றில் மந்திரம் ஜெயித்ததாகப் பெயராகிறது, விஷம் ஏறிய கடிக்குத் தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கம் தயாரித்தனுப்பும் முறிமருந்துதான் மருந்து, அது ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

உங்களைத் தடுக்கச் சட்டம் கேட்டு நான் எழுதவில்லை. மகாராஷ்டிரத்தில் 2013-இல் அப்படியொரு சட்டத்துக்காகப் பாடுபட்ட நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே அது பிறந்தது. அந்த வழியில் போக இங்கே யாருக்கும் விருப்பமிராது. உங்களிடமே கேட்கிறேன். செய்வினை என்று சொல்லித்தான் தீரவேண்டுமென்றால் சொல்லுங்கள், கழிப்பும் கழியுங்கள். யார் வைத்தது என்ற கேள்விக்கு மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் விடை சொல்லாதீர்கள். காய்ச்சலென்று வந்தால் கயிற்றைக் கட்டிவிட்டு, ‘இன்றைக்கே கிளினிக்கில் ரத்தம் பார்த்தால்தான் இந்தக் கயிறு பலிக்கும், காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் டாக்டர் கண்ணில் படவேண்டும்’ என்று அதே குரலில், அதே கம்பீரத்தோடு சொல்லி அனுப்புங்கள். சுகாதார இலாகா ஒட்டும் சுவரொட்டியைப் பார்த்துப் போகாதவனும் உங்கள் வாக்குக்குக் கட்டுப்பட்டுப் போவான். பணமில்லை என்று தயங்குகிறவனுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அரசாங்கச் சுகாதார நிலையத்தில் பிரஜைகளுக்குக் கட்டணம் ஒரே ஒரு வெள்ளி.

இங்ஙனம்,
தங்கள் அயலான்,
குளுவாங், ஜொகூர்.